எல்லைக்கு இந்தப் பக்கத்துத் திராட்சை

பேரிகையிலிருந்து மாலூர் போகும் பாதையில், தமிழ்நாடு முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் வெங்கடம்மாவின் தோட்டம் இருக்கிறது. இரண்டு ஏக்கர் பந்தல் திராட்சை. தோட்டத்தின் வடக்கு மூலைக்குப் போனால் கர்நாடகம் உங்களை வரவேற்கிறது என்று கைபேசியில் செய்தி வரும். கிணற்றடிக்குத் திரும்பினால் தமிழ்நாடு வரவேற்கும். தண்ணீர் பாய்ச்சும் நாட்களில் இரண்டு மாநிலங்களும் அவளை மாறி மாறி வரவேற்றுக்கொண்டே இருக்கும். அவள் அதை எடுத்துப் பார்ப்பதில்லை.

வெங்கடம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், தங்கை வீட்டுக்குப் போனால் கன்னடம். எந்த மொழியிலும் அதிகம் பேச மாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். கணவர் திம்மப்பன் நேர் எதிர். ஒரு பேச்சை எடுத்தால் அதற்கு நான்கு கிளை விட்டுத்தான் முடிப்பார். பழைய டெம்போ ஒன்று வைத்திருக்கிறார். அதுவும் அவரைப் போலத்தான், கிளம்பிவிட்டால் நிற்காது, கிளம்புவதுதான் பாடு.

தக்காளியை நம்பி மூன்று வருஷம் தொடர்ந்து அடிவாங்கிய பிறகு, திராட்சை போடலாம் என்று சொன்னது வெங்கடம்மாதான். கல்தூண் நட்டு, கம்பி இழுத்தார்கள். தேவனஹள்ளிப் பக்கம் உறவுக்காரர் தோட்டத்தில் கவாத்து செய்தபோது வெட்டிப்போட்ட குச்சிகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து நட்டார்கள். நீலத் திராட்சை. வியாபாரிகள் பெங்களூர் புளூ என்பார்கள். கொட்டை உள்ள பழம், தடித்த தோல், பிதுக்கினால் சதை வழுக்கிக்கொண்டு வாய்க்குள் போகும். பழுக்கும் காலத்தில் வாசனை ரோடு வரைக்கும் வரும். கொட்டையில்லாத பச்சைத் திராட்சை வந்த பிறகு கடைகளில் இதற்கு மவுசு போய்விட்டது. ஆனால் இனிப்பான சிவப்பு ஒயினுக்கு இதைவிட நல்ல பழம் கிடையாது என்று ஒயின் கம்பெனிக்காரர்கள் தேடி வந்தார்கள்.

நான்கு வருஷம் கழித்துத் தங்கை ருக்மணிக்கும் அவளே குச்சி கொடுத்தாள். ருக்மணியைக் கட்டிக்கொடுத்த ஊர், எல்லையான வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கோலார் ஜில்லா. அக்கா வீட்டில் குழம்பு கொதிக்க வைத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய் வந்துவிடலாம், அவ்வளவு தூரம்தான். இரண்டு தோட்டத்துப் பழத்தையும் ஒரே கம்பெனிதான் எடுத்தது. கம்பெனியும் அந்தப் பக்கம். பழம் எல்லை தாண்டுவதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. தக்காளி போகிறது, ரோஜா போகிறது, திராட்சையும் போயிற்று. முதல் இரண்டு வருஷம் ஊரில், "சாராயக் கம்பெனிக்குப் பழம் போடறாங்க" என்று முணுமுணுத்தவர்கள், பிறகு தாங்களும் குச்சி கேட்டு வந்தார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் கம்பெனியிலிருந்து பிரேம்குமார் வந்தார். பழம் கொள்முதல் பார்க்கிறவர், சொந்த ஊர் ஓசூர். எப்போதும் பந்தலுக்கடியில் குனிந்து இரண்டு குலையைத் தொட்டுப் பார்த்து, ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார். அன்றைக்குப் பந்தலுக்குள் வரவே இல்லை.

"அம்மா, ஒரு சங்கடம் இருக்குது. உக்காந்து பேசலாமா?"

"விலையைக் குறைக்கப் போறீங்களா?"

"விலைன்னா பேசித் தீத்துக்கலாங்க. இது பேர் சமாச்சாரம்."

கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து அவர் சொன்னார். கம்பெனி இத்தனை வருஷமாக பாட்டிலில் 'போர்ட்' என்று போட்டு விற்றது. அந்தப் பெயர் போர்ச்சுகல் தேசத்து ஊர் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. அங்கே விளைந்த பழத்தில், அங்கே செய்த ஒயினுக்குத்தான் அது சொந்தம் என்று ஐரோப்பாவில் சட்டம். அந்தப் பெயரோடு ஒரு பாட்டிலைக்கூட அங்கே அனுப்ப முடியாது.

"இப்ப அவங்களோட நம்ம தேசம் வர்த்தக ஒப்பந்தம் பேசிக்கினு இருக்குது. அவங்க ஒயின் இங்க வந்தா நூத்தைம்பது சதம் வரி. அது இறங்கிடுச்சுன்னா அவங்க பாட்டில் கடைக்குக் கடை வந்து நிக்கும். அதுக்கு முன்னாடி நமக்குன்னு ஒரு பேர் வேணும்னு மொதலாளி சொல்றாரு."

"வெச்சுக்கட்டுமே. யாரு வேணாம்னாங்க?"

"வெச்சாச்சுங்க. பழத்தோட பேரையே போடறோம். பெங்களூர் நீலத் திராட்சைன்னு."

வெங்கடம்மாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. "நம்ம பழத்தோட பேரா?"

பிரேம்குமார் தலையைச் சொறிந்தார். "அங்கதாங்க சங்கடம். அது பதிவான பேர். புவிசார் குறியீடுன்னு ஒரு சட்டம் இருக்குது. எந்தெந்த ஜில்லாவுல விளைஞ்சா அந்தப் பேரைச் சொல்லலாம்னு எழுதி வெச்சிருக்காங்க. கோலார் இருக்குது. கிருஷ்ணகிரி இல்ல."

திம்மப்பன் எழுந்தே விட்டார். "சார், ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாய்க்கால்தானே சார்? அதுவும் ஆடு தாண்டற வாய்க்கால். என் மச்சினிச்சி தோட்டத்துக் கொடி இங்கிருந்து போன கொடி சார். தாய்க்கு இல்லாத பேரு புள்ளைக்கு எப்பிடி?"

"நீங்க கேக்கறது நியாயம்தாங்க. ஆனா சட்டம் அந்த வாய்க்கால்லதான் நிக்குது."

"அந்தப் பதிவு பண்ற ஆபீசு எங்க சார் இருக்குது? பெங்களூர்லயா? நான் போயி ஒரு வார்த்தை கேக்கறேன்."

"சென்னையிலங்க."

திம்மப்பன் வாய்விட்டுச் சிரித்தார். வெங்கடம்மா சிரிக்கவில்லை. "அப்ப இந்த வருஷப் பழம்?" என்று மட்டும் கேட்டாள். பிரேம்குமார் பந்தலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். குலைகள் பாதிக்குமேல் நிறம் மாறியிருந்தன. கம்பெனி இனி இந்தப் பழத்தில் அந்த ஒரு ஒயின் மட்டும்தான் செய்யப்போகிறது, பெயருக்கு உட்பட்ட ஜில்லாப் பழத்தைத்தான் எடுக்கும் என்றார். முன்கூட்டியே சொல்லத்தான் ஓடிவந்ததாகச் சொன்னார். பைக்கை எடுக்கும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலமே ருக்மணிக்கு விஷயம் போய்விட்டது. போன் வந்தது.

"அக்கா, இதுக்குப் போயி யோசிப்பாங்களா? உன் பழத்தை எங்க தோட்டத்துக்குக் கொண்டாந்துடு. எங்க பழத்தோட சேத்து அனுப்பிடலாம். ஐப்பசியில ஆலங்கட்டி மழை அடிச்சதுல எங்களுக்குக் கீழ்ப்பக்கம் பாதி போச்சு இல்ல, அந்த எடத்துக்கு உன்னுது சரியாப் போயிடும்."

"அது எப்பிடிடி? கேட்டா என்ன சொல்லுவ?"

"எங்க பழம்னு சொல்லுவேன். உன் கொடியில இருந்து வந்த கொடிதானே? அதுல என்ன பொய்யி?"

வெங்கடம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசிக்க நேரம் இருக்கவில்லை. பொங்கல் முடிந்ததும் வெயில் ஏறி, குலைகள் ஒன்றுபோலப் பழுத்தன. நீலத் திராட்சைக்கு ஒரு குணம் உண்டு. நன்றாகப் பழுத்துவிட்டால் காம்பிலிருந்து தானாக உதிரும். காலையில் பந்தலுக்கடியில் போனால் காலில் பழம் நசுங்கியது. திம்மப்பன் கிரேட்டுகளைக் கழுவி அடுக்கினார். வெங்கடம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் போனாள்.

பழம் அறுத்த மறுநாள் காலை டெம்போ வாய்க்கால் மேட்டு மண்பாதை வழியாக ருக்மணியின் தோட்டத்துக்குப் போனது. அங்கே ருக்மணியின் கணவர் பெருமாளின் வண்டியில் கிரேட்டுகளை மாற்றினார்கள். அடியில் ருக்மணியின் பழம், மேலே வெங்கடம்மாவின் பழம். வெங்கடம்மா தங்கையோடு அந்த வண்டியிலேயே ஏறிக்கொண்டாள். திம்மப்பன் காலி டெம்போவோடு பின்னால் வந்தார்.

கம்பெனி வாசலில் எடைமேடைக்கு முன்னால் ஐந்தாறு வண்டிகள் நின்றன. எல்லாம் ருக்மணியின் ஊரும் பக்கத்து ஊர்களும். முறை வந்ததும் பிரேம்குமார் வெளியே வந்தார். வண்டிமேல் ஏறி ஒரு கிரேட்டைப் பார்த்தார். பிறகு ருக்மணியைப் பார்த்தார். அவள் பக்கத்தில் நின்ற வெங்கடம்மாவையும் பார்த்தார்.

"கார்த்திகையில நான் வந்தப்ப உங்க கீழ்ப்பக்கம் மழையில அடிபட்டுக் கெடந்துச்சே, அம்மா. இவ்வளவு பழம் எப்பிடி வந்துச்சு?"

"மேல்பக்கம் நல்லா புடிச்சிருச்சு சார்."

"எல்லாம் உங்க தோட்டம்தானே? கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பேரை வெச்சு வெளிநாட்டுக்குப் போகப் போற மொதல் சரக்கு இது. நடுவுல வேற ஜில்லாப் பழம் கலந்துச்சுன்னு ஒரு பேச்சு வந்தா, உங்க ஊர்ப் பழம் முழுசையும் நிறுத்திடுவாங்க."

ருக்மணி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க தோட்டம்தான் சார். சாமி சத்தியமா."

வெங்கடம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் வண்டியைவிட்டு இறங்கி, என்ன தாமதம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேரை அவளுக்குத் தெரியும். ருக்மணியின் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள். தங்கை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும். அன்றும் சிவந்திருந்தது.

"மேல இருக்கற கிரேட்டெல்லாம் என்னுது சார்," என்றாள் வெங்கடம்மா.

பெருமாள் வண்டியின் கதவைத் திறந்து மறுபடி சாத்தினார். பிரேம்குமார் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, "உங்க கிரேட்டை எறக்கிக்கங்க அம்மா," என்றார். பிறகு ருக்மணியிடம், "உங்க பழத்தையும் இன்னைக்கு எடுக்க முடியாதுங்க. தோட்டத்தை ஆள் வந்து பாத்த பெறகுதான். என் கையில இல்ல," என்றார்.

கிரேட்டுகளை மறுபடி திம்மப்பனின் டெம்போவுக்கு மாற்றினார்கள். கடைசிக் கிரேட் ஏறியதும் ருக்மணி அக்காவின் எதிரில் வந்து நின்றாள்.

"நான் உனக்காகத்தானே பொய் சொன்னேன்? சத்தியம்கூடப் பண்ணேனே. நீ வாயை மூடிக்கினு நின்னிருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?"

"ருக்கு, பின்னால அத்தனை பேரு..."

"அத்தனை பேரு முன்னாலதான் என்னைப் பொய்க்காரியா ஆக்கிட்ட. நான் இந்த ஊர்ல குடியிருக்கணும். நீ வாய்க்காலைத் தாண்டிப் போயிடுவ."

தங்கை சொன்னதில் நியாயம் இருப்பது வெங்கடம்மாவுக்குத் தெரிந்தது. தான் சொன்னதும் தப்பில்லை என்றும் தெரிந்தது. டெம்போவில் ஏறி உட்கார்ந்தாள். கம்பெனி ஆள் ருக்மணியின் தோட்டத்தைப் பார்த்து, பழத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல இரண்டு வாரம் ஆயிற்று என்று பிறகு கேள்விப்பட்டாள். அதற்குள் கொடியில் இருந்ததும் பாதி உதிர்ந்துவிட்டிருந்தது.

டெம்போவில் இருந்த பழத்தை அன்றைக்கே விற்றாக வேண்டும். ஓசூர் மார்க்கெட்டுக்கு அந்த நேரத்தில் போனால் மண்டி மூடியிருக்கும். திம்மப்பன் வண்டியைச் சூளகிரிக்கு விட்டார். அங்கே புதிதாக வந்த தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் வண்டியை நிறுத்தி, கிரேட்டைக் கீழே இறக்கி, தராசைப் பிடித்தார்கள். இரண்டு மணி ஷிப்ட் விட்டதும் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் வந்து மொய்த்தார்கள். மதுரைப் பேச்சு, திருவண்ணாமலைப் பேச்சு, இந்தி எல்லாம் கேட்டது. திம்மப்பன் உற்சாகமாகிவிட்டார். ஒவ்வொருவருக்கும் பழத்தின் கதையைப் போர்ச்சுகலிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே எடை போட்டார்.

அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு பெண் ஒரு குலையை முகர்ந்து பார்த்தாள். பெயர் தமிழ்செல்வி, ஊர் ஊத்தங்கரை.

"வாசனையா இருக்குதுக்கா. ஆனா இவ்வளவையும் இங்க நின்னு எப்பிடி விப்பீங்க? நாளைக்கு அழுகிடுமே."

"தோட்டத்துல இன்னும் இருக்குதும்மா. என்ன பண்ணறதுன்னுதான் தெரியல."

"நான் இதுக்கு முன்னாடி கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக்கூழ் கம்பெனியில இருந்தேன். மாங்காய் சீசன் முடிஞ்சா மிஷினெல்லாம் சும்மாதான் கெடக்கும். மொதலாளி ஒரு வருஷம் கொய்யா ஓட்டிப் பாத்தாரு. திராட்சை ஓட்டுவாரான்னு கேட்டுப் பாருங்க."

அவளே போனில் இருந்த எண்ணைக் கொடுத்தாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். அவள் வாங்கிய ஒரு கிலோவுக்கு மேல் வெங்கடம்மா இரண்டு குலை போட்டிருந்தாள்.

கூழ் கம்பெனி முதலாளி கோவிந்தப்பன் பெரிய மனிதர் இல்லை. இரண்டு மிஷின், ஒரு கொதிகலன், சீசனில் நாற்பது பேர், சீசன் இல்லாதபோது வாட்ச்மேனும் அவரும். வெங்கடம்மா கொண்டுபோன மாதிரிக் கிரேட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கொட்டை அரைபட்டா கசக்குமே, அம்மா. மாங்கொட்டை மாதிரி இல்ல இது."

"மெதுவா ஓட்டிப் பாருங்க. கசந்தா எங்க பழம் போனது போகட்டும்."

மெதுவாக ஓட்டினார். சாறு வடிக்கும் வலையை இரண்டு முறை மாற்றினார். வெளியே வந்த சாறு கறுத்த சிவப்பில் நுரைத்தது. கோவிந்தப்பன் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் பிடித்தார். பெங்களூரில் ஜூஸ் கம்பெனி ஒன்றுக்கு மாம்பழக்கூழ் போட்டுக்கொண்டிருந்தார். அவர்களிடம் ஒரு கேன் அனுப்பினார். எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. ஒயின் கம்பெனி கொடுத்த விலை இல்லைதான். ஆனால் தோட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

அந்த மாசியில் ஒரு நாள் காலை கோவிந்தப்பன் போன் செய்து, உடனே வரச்சொன்னார். போய்ப் பார்த்தால், முந்தின இரண்டு நாள் மின்சாரம் ஒழுங்காக வராமல், கொதிக்க வைக்காத சாறு ஒரு தொட்டியில் அப்படியே நின்றிருந்தது. மேலே நுரை பொங்கி, கொப்புளம் கொப்புளமாக வெடித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை வெங்கடம்மாவுக்குத் தெரியும். ஒயின் கம்பெனி வாசலில் அடிக்கும் வாசனை.

"இது என்ன ஆயிக்கினு இருக்குது தெரியுதா?" என்றார் கோவிந்தப்பன். "நேத்து வரைக்கும் ஜூஸு. பில்லு ஒண்ணு போட்டா எந்த ஊருக்கு வேணாலும் போகும். இன்னைக்கு இது கலால் சமாச்சாரம். என்கிட்ட அதுக்கு லைசன்ஸ் இல்ல. யாராச்சும் வந்து பாத்தா மதுபானம் காய்ச்சறேன்னு கேஸு. என் பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு இருக்கேன், அம்மா!"

"நாமளா காய்ச்சல, அதுவாத்தானே ஆச்சு?" என்றார் திம்மப்பன்.

"சட்டத்துக்கு அது தெரியுமா?"

மூன்று பேரும் வாட்ச்மேனும் சேர்ந்து தொட்டியைக் கவிழ்த்து, கம்பெனிக்குப் பின்னால் மாங்கொட்டை கொட்டும் குழியில் ஊற்றினார்கள். நல்ல பழம். வெங்கடம்மாவுக்கு மனசு ஆறவில்லை. அன்று முழுக்க அந்தப் பக்கம் மேய்ந்த ஒரு ஆடு கொஞ்சம் தள்ளாடியது என்று வாட்ச்மேன் சொல்லி, கோவிந்தப்பன் முதன்முறையாகச் சிரித்தார். அதற்கப்புறம் ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிட்டார்.

இப்படியாகப் பிழைப்புக்கு வழி பிறந்தது. ஆனால் தங்கை பேசவில்லை. உகாதிக்கு வரவில்லை. வெங்கடம்மா இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. ஒரு தடவை வாய்க்கால் மேட்டில் எதிரெதிரே வந்தபோது ருக்மணி புல்லுக்கட்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றி, முகத்தை மறைத்துக்கொண்டு போனாள். திம்மப்பன், "நான் போயிப் பேசறேன்," என்பார். "நீங்க பேசினா இன்னும் ஒரு வருஷம் ஆகும்," என்பாள் வெங்கடம்மா.

கொடிக்கு இலை விழுந்து, கவாத்து முடிந்து, மறுபடி துளிர்த்தது. அடுத்த தை மாதம் டிவியில் செய்தி வந்தது. ஐரோப்பாவோடு பேச்சு முடிந்துவிட்டது, அவர்கள் ஒயின் மேல் இருக்கும் வரி படிப்படியாக இறங்கப்போகிறது என்று சொன்னார்கள். படத்தில் யாரோ கைகுலுக்கிக்கொண்டார்கள். பிறகு கண்ணாடிக் கோப்பைகளைக் காட்டினார்கள். திம்மப்பன், "பாத்தியா, நாம தப்பிச்சோம்," என்றார். வெங்கடம்மா சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இனி என்ன ஆகும் என்பதுதான் அவள் நினைப்பாக இருந்தது. கையை முன்னால் நீட்டிப் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தாமல் வைத்துவிட்டாள்.

பங்குனி பிறப்பதற்கு முன்னால் ஒரு காலை, மல்லிகைப்பூவும் வெற்றிலைத் தட்டுமாக ருக்மணி வாசலில் வந்து நின்றாள். பெருமாள் பின்னால் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"பிரியாவுக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "பெத்தம்மா வந்துதான் மொதல் வளையல் போடணும்னு உக்காந்திருக்கா."

பிரியா ருக்மணியின் ஒரே மகள். பெரியம்மாவான வெங்கடம்மாவை அவள் தெலுங்கில் பெத்தம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"பிரியாதான் கூப்பிட்டாளா?"

"நான்தான் தட்டைத் தூக்கிக்கினு வந்திருக்கேன். கண்ணு தெரியலையா?"

"உள்ள வா. காலை எட்டிப் போட்டு வா, வாசல்ல வழுக்கும்."

காப்பி குடிக்கும்வரை நான்கு பேரும் வெயிலைப் பற்றியே பேசினார்கள். டம்ளரைக் கீழே வைத்ததும் ருக்மணி தானாகச் சொன்னாள். கம்பெனி பெயர் போட்ட பாட்டில் வந்துவிட்டதாம். ஆனால் ஏக்கருக்கு இவ்வளவுதான் எடுப்போம் என்று அளவு வைத்துவிட்டார்கள். வெளிநாட்டுச் சரக்கு வந்தால் எப்படிப் போகும் என்று தெரியாமல் அடுத்த வருஷத்துக்கு அதையும் குறைக்கலாம் என்று பேச்சு. இந்த வருஷமே அவளுக்குப் பழம் மிஞ்சிவிட்டது.

"மிஞ்சினதை என்ன பண்ண?"

"என்ன பண்ணறது. மாட்டுக்குப் போட்டேன்."

"மாட்டுக்கா?" வெங்கடம்மாவின் குரல் உயர்ந்தது. "எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா? கோவிந்தப்பன் எடுத்துக்குவாரு. அவரு எந்த ஜில்லான்னு கேக்க மாட்டாரு."

ருக்மணி அக்காவை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "அன்னைக்கு நீ சொன்னது சரின்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

"சொல்லாத."

"எனக்கு இன்னும் ஆறல."

"ஆறின பெறகு வா, ஆறாமயும் வா. போன் மட்டும் எடு."

ருக்மணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, தட்டிலிருந்த பூவை எடுத்து அக்காவின் தலையில் வைக்கப் போனாள். கை உயரம் போதவில்லை. வெங்கடம்மா குனிந்துகொண்டாள்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. பெத்தம்மாதான் முதல் வளையல் போட்டாள். பந்தி முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போய், பிரியா படுக்கப் போன பிறகு, ருக்மணி அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்தாள். பழம் போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பெனி ஒன்று கொடுத்ததாம். வழவழப்பான காகிதத்தில் திராட்சைக் குலை வரைந்திருந்தது. கீழே பெயரைப் பொன் எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"நீ எடுத்துக்கினு போக்கா. எங்க வீட்ல யாரு குடிக்கறாங்க?"

பெருமாள் குறுக்கிட்டார். "வேண்டாம் அண்ணி. இது இந்த மாநிலத்துல மட்டும் விக்கறதுக்கு. பார்டர்ல செக் பண்ணா அது ஒரு வம்பு. அண்ணன் டெம்போவைப் பாத்தாலே நிறுத்துவாங்க."

"என் டெம்போவுக்கு என்னய்யா கொறை?" என்றார் திம்மப்பன்.

"அப்ப இங்கயே தொறக்கலாம்," என்றாள் ருக்மணி.

வெங்கடம்மா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. இத்தனை வருஷம் இந்தப் பழத்தை வளர்த்து, அறுத்து, அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து வந்ததை இருவரும் நாக்கில் வைத்ததில்லை. ஆண்கள் இருவரையும் வெளியே பந்தல் பிரிக்க அனுப்பிவிட்டு, சமையல்கட்டில் எவர்சில்வர் டம்ளர் இரண்டை எடுத்தார்கள். கார்க்கைத் திறக்கத் தெரியாமல், கடைசியில் கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளினார்கள்.

வெங்கடம்மா முதலில் முகர்ந்தாள். பழம் பழுத்த காலத்துத் தோட்டத்தின் வாசனை இல்லை. அதற்குப் பக்கத்து வாசனை ஏதோ. ஒரு மடக்குக் குடித்தாள்.

"எப்பிடி இருக்குது?"

"இனிப்பாத்தான் ஆரம்பிக்குது. அப்பறம் துவர்க்குது. கஷாயத்துல வெல்லம் போட்டாப்பல."

ருக்மணியும் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பிறகு இன்னொரு வாய் குடித்தாள். "இதுக்கா அக்கா இவ்வளவு சட்டம்?"

வெங்கடம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ருக்மணிக்கும் தொற்றிக்கொண்டது. பிரியா உள்ளேயிருந்து, என்ன சத்தம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, நீ தூங்கு என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மிச்சத்தைக் குடிக்க முடியவில்லை. பாட்டிலின் வாயை வாழைச்சருகால் அடைத்து வைத்தார்கள். வெங்கடம்மாவுக்குக் காது இரண்டும் சூடாக இருந்தது. கொஞ்சம் படுத்து எழுந்து போகலாம் என்று பாயை விரித்தாள். தங்கையும் பக்கத்தில் வந்து படுத்தாள். வெளியே திம்மப்பன் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டே பெருமாளிடம் ஜெனரேட்டர் வாங்கிய கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபடியே வெங்கடம்மா தூங்கிவிட்டாள்.